வயரின் மறுமுனை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த இடைவெளியில் யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். அந்தப் புதன்கிழமை யாரும் கொடுக்கவில்லை.

“எவன் கை வெச்சான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்! கண்டுபிடிச்சு, இதே இடத்துல, உங்க எல்லார் முன்னாடியும் அவனை நிக்க வெக்கிறேன். இல்லன்னா இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு நானே எழுதித் தர்றேன்!”

சொன்ன இடம் எங்கள் ஆஸ்பத்திரியின் கூட்ட அறை. எதிரே நாற்பது பேர். டாக்டர்கள், நர்சுகள், வரவேற்பில் உட்காரும் பெண்கள், எக்ஸ்ரே எடுக்கிறவர், எலக்ட்ரீஷியன் அண்ணன். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் என் பொறுப்பு. மூன்று மாடி, பதினோரு ஸ்விட்ச். ஸ்விட்ச் என்றதும் விளக்குப் போடுகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். எலக்ட்ரீஷியன் அண்ணனே முதல் ஆறு மாதம் அப்படி நினைத்து, எனக்கும் அவருக்கும் ஒரே வேலையை ஏன் கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தார். இது ஒரு தட்டையான பெட்டி. முகத்தில் இருபத்து நாலு துளைகள், போர்ட் என்போம். கணினி, போன், ஸ்கேன் மெஷின் எல்லாவற்றின் கேபிளும் இதில் வந்து சேரும். யாருக்கு வந்த செய்தியோ அவருக்கு எடுத்துக் கொடுப்பது இதன் வேலை. ஒன்பது வருஷமாக இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கேபிளையும் நான் கையால் தொட்டிருக்கிறேன். கூரைக்கு மேலே எந்த மூலையில் எலி குடியிருக்கிறது என்பது வரை எனக்கு அத்துப்படி. இங்கே எனக்குப் பெயர் வயர்க்காரம்மா.

வினை திங்கட்கிழமை ஆரம்பித்தது. காலை பத்து நாற்பதுக்கு மூன்று மாடியும் ஒரே அடியாகப் படுத்துவிட்டன. சீட்டுப் பதிய முடியவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை, மேஜை போன்கள் ஊமையாகிவிட்டன. நான் ஓடிப்போய், எல்லாவற்றுக்கும் நடுவிலிருக்கும் பெரிய ஸ்விட்சையும் மாடி ஸ்விட்சுகளையும் அணைத்துப் போட்டேன். பதினொன்று பத்துக்கு எல்லாம் திரும்பி வந்தது. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “சின்னப் பிரச்சினைதான்” என்று அலட்சியமாகச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அதே பத்து நாற்பது. அணைத்துப் போட்டேன், வரவில்லை. மாடிகளை இணைக்கும் தடித்த கேபிளை மாற்றினேன், வந்தது. கேபிள்தான் கோளாறு என்று எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்லி முடித்தேன். புதன்கிழமை புத்தம்புதுக் கேபிளோடு மறுபடி படுத்தது. பொறுமையிழந்து பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், வந்தது. மூன்று நாளும் அது தானாகத்தான் வந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே நிர்வாகி அம்மா கூட்டம் போட்டுவிட்டார். அவர் குரல் எவ்வளவு மெதுவாகிறதோ அவ்வளவு ஆபத்து. அன்றைக்குப் பஞ்சு மாதிரி இருந்தது.

“வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு மறுபடி கூடுவோம். அதுக்குள்ள காரணம் தெரியலன்னா, இந்த வேலையை வெளிக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிடலாம். வயர்க்காரம்மா, உங்களை விட்டுட மாட்டோம். ஸ்டோர்ல ஒரு இடம் காலியா இருக்கு.”

ஸ்டோரில் போர்வை அடுக்கும் வேலை. தினமும் ஒரே நேரத்தில் படுக்கிறதென்றால் யாரோ கை வைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்ததில் காது சூடாகி, வாய் திறந்துகொண்டது. அந்தச் சபதத்தின் கதை இதுதான்.

சாயங்காலம் வீட்டில் என் வீட்டுக்காரர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவரும் அதே ஆஸ்பத்திரிதான். பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் எல்லோரையும் மறுபடி நடக்க வைப்பது அவர் வேலை. நடை மாஸ்டர் என்றால்தான் நோயாளிகளுக்குத் தெரியும். அதிர்ந்து பேச மாட்டார். வீட்டில் பேச்சுக்கு நான், கேட்பதற்கு அவர் என்று கல்யாணமான முதல் வாரமே பிரித்துக்கொண்டுவிட்டோம். பதினோரு வருஷமாக அந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை.

“யாரா இருந்தாலும் விடாத” என்றார். “ஆஸ்பத்திரி விஷயத்துல விளையாடறதா?”

“விடுவேனா? மூக்கை உடைச்சுக் கையில கொடுக்கறேன் பாருங்க!”

“கொடு” என்றார், முழு மனதோடு.

வியாழக்கிழமை நான் ஒரு முடிவோடு போனேன். எதையும் அணைக்கப் போவதில்லை, எதையும் தட்டப் போவதில்லை. முதல் மாடி ஸ்விட்ச் இருக்கும் அலமாரி அறைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியை நேராக ஸ்விட்சிலேயே சொருகிக்கொண்டு காத்திருந்தேன். பத்து முப்பத்தெட்டு. துளைகளின் மேலிருக்கும் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. பத்து நாற்பத்தொன்று. அத்தனை விளக்கும் ஒன்றாக, வெறி பிடித்ததுபோல் துடிக்க ஆரம்பித்தன.

திரையில் ஸ்விட்ச் எழுதும் நாட்குறிப்பு அருவியாகக் கொட்டியது. ஒரே கணினி பதினாலாம் போர்ட்டில் தெரிகிறது; இல்லை, பதினைந்தில்; இல்லை, பதினாலில்; இல்லை, பதினைந்தில். இந்த வரிகளைத் திங்கட்கிழமையும் பார்த்தேனே! பார்த்துவிட்டு ஏன் விட்டேன் தெரியுமா? பக்கத்தில் இருந்த தேதி நான் வேலைக்குச் சேர்வதற்கும் முந்தையது. பழைய குப்பை என்று ஒதுக்கிவிட்டேன். உண்மையில் ஸ்விட்சின் கடிகாரத்தை நான் சரியாக வைக்கவே இல்லை. அணைத்துப் போட்டால் அது தன் பிறந்த தேதிக்குப் போய் நின்றுவிடும். அது மட்டுமில்லை, அணைத்தால் நாட்குறிப்பும் அழிந்துவிடும். திங்களும் செவ்வாயும் தடயத்தைத் துடைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

எப்படியோ, துப்புக் கிடைத்துவிட்டது. பதினாலும் பதினைந்தும் எங்கேயோ கைகோத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் போகிற செய்தி மற்றொன்றில் திரும்பி வருகிறது, வந்தது மறுபடி போகிறது. அந்த இரண்டு கேபிளும் எந்த அறைக்குப் போகின்றன என்று பார்த்தேன். ஒவ்வொரு போர்ட்டுக்கும் இது இன்ன அறை என்று ஸ்விட்சில் எழுதி வைக்க இடம் உண்டு. எல்லாம் காலி. ஒட்டியிருந்த சீட்டுகளும் எப்போதோ உதிர்ந்துவிட்டன. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட புண்ணியவதியும் நானேதான்.

சரி, பிடுங்குவோம், யார் கத்துகிறார்கள் என்று பார்ப்போம் என்று இரண்டையும் பிடுங்கினேன். அரை மணி நேரத்தில் என் கைப்பேசி அலறியது. இடிமுழக்கம் என்று நாங்கள் அழைக்கும் பெரிய டாக்டர்.

“தள்ளுவண்டிக் கம்ப்யூட்டர் வேலை செய்யல! நோயாளி முன்னாடி நான் என்ன பாட்டா பாடறது?”

“டாக்டர், எந்த ரூம்ல...”

வைத்துவிட்டார். தள்ளுவண்டி முதல் மாடி முழுக்க அறை அறையாகப் போகிற வண்டி. டாக்டர் சுற்று முடிகிற வரைக்கும் உள்ளே யாரையும் விட மாட்டார்கள். இரண்டையும் திரும்பச் சொருகினேன். வண்டி உயிர் பெற்றது, நெட்வொர்க்கும் நன்றாக ஓடியது. அதற்குள் கைகோத்தது எதுவோ விலகிவிட்டிருந்தது. சுற்று முடிந்து கேட்டபோது, வண்டி அப்போது எந்த அறையில் நின்றது என்று யாருக்கும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. கூட்டத்துக்கு மூன்று மணி நேரம். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஹாலில் சார்ஜரைத் தேடினேன். சுவரில் இரண்டு துளை வைத்த அடாப்டர் இருந்தது. வயரின் ஒரு முனை ஒரு துளையில். மறுமுனை, கைப்பேசியில் சொருக வேண்டிய முனை, அழகாக வளைந்து வந்து அதே அடாப்டரின் இன்னொரு துளையில்.

நான் அப்படியே நின்றேன். என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தால் கொக்கியை மாட்டி வளையமாக்கிவிட்டுத்தான் இவர் பெட்டியில் வைப்பார். பையின் வாரைத் தன்னோடு தானே கோத்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார். தொங்குகிற எதையும் இவர் தொங்க விட்டதே கிடையாது. திங்கட்கிழமைதான் இவருடைய பிரிவைத் தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு மாற்றினார்கள். காது சூடாக ஆரம்பித்தது.

“ஏங்க!”

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார்.

“இந்த வயரை ஏன் இப்படி சொருகியிருக்கீங்க?”

“தொங்கிட்டு இருந்துச்சு.”

“உங்க புது ரூம்லயும் வயர் ஏதாவது தொங்குதா?”

“ஆமா. தள்ளுவண்டியோட வயர். நர்ஸம்மா பத்து நாப்பதுக்கு அதை வண்டியிலேர்ந்து கழட்டிட்டு வண்டியைத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. சுவத்துல ஒரு முனை, தரையில ஒரு முனை. நோயாளிங்க நடை பழகுற வழிலேயே கிடக்கும். தடுக்கி விழுந்தா என்ன ஆகறது? அதான் பக்கத்துலயே இன்னொரு ஓட்டை காலியா இருந்துச்சேன்னு...”

“சொருகிட்டீங்க.”

“அவங்க பதினொண்ணு பத்துக்கு வந்து எடுத்துப்பாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல” என்றார் பெருமையாக.

எவன் என்று நாற்பது பேர் முன்னால் கேட்டேன். இவர் என்று பதில் வந்துவிட்டது.

அடுத்த ஐந்து நிமிஷம் நான் பேசியதை எழுத முடியாது. உங்களுக்கு அறிவிருக்கா என்று ஆரம்பித்து, அவர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பது வரை மரியாதையோடு கேட்டு முடித்தேன். அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாக வாயைத் திறந்தார்.

“ஒரு வயரைச் சொருகினா மூணு மாடியும் எப்படி நிக்கும்?”

“எப்படியா? போன வருஷம் வீடு மாத்தலாமான்னு நாம யோசிச்சது ஞாபகம் இருக்கா? நான் உங்க அம்மாகிட்ட சொன்னேன். அத்தை உங்க அக்காகிட்ட சொன்னாங்க. உங்க அக்கா உங்க சித்திகிட்ட. உங்க சித்தி எனக்கே போன் பண்ணி, ‘விஷயம் தெரியுமா, உன் வீட்டுக்காரன் வீடு மாத்தறானாம்’னாங்க. நான் பதறிப்போய் அத்தைகிட்ட கேட்டேன். அத்தை அதைப் புது விஷயம்னு நெனச்சு...”

“மூணு நாள் யாருக்கும் லைன் கிடைக்கல.”

“அதேதான். ஸ்விட்சுக்கு இதை ஏற்கெனவே கேட்டோமேங்கிற நெனப்பே கிடையாது. எல்லாருக்கும்னு ஒரு செய்தி வந்தா எல்லாப் பக்கமும் தள்ளிவிடும். சுத்தி வந்தா மறுபடி தள்ளும். சுத்திச் சுத்தி, வேற எதுக்கும் வழியில்லாமப் போயிடும்.”

அவர் கரண்டியை மேஜையில் வைத்தார். “இவ்ளோ சுலபமா நின்னுடும்னா, இதைத் தடுக்க ஒண்ணுமே வெக்கலியா?”

“வெக்காம? ஸ்பேனிங் ட்ரீன்னு ஒண்ணு ஸ்விட்சுக்குள்ளயே இருக்கு! எல்லா ஸ்விட்சும் ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் ஒண்ணுக்கொண்ணு குரல் கொடுத்துக்கும். முதல்ல யாரு தலைன்னு முடிவு பண்ணும். நாம யாரையும் நியமிக்கலன்னா, பொதுவா இருக்கறதுலயே பழசு எதுவோ அது தலை ஆயிடும்.”

“எங்க அக்கா மாதிரி.”

“உங்க அக்கா மாதிரியேதான். அப்புறம் தலைகிட்ட போறதுக்கு ரெண்டு வழி இருந்தா, ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை அடைச்சிடும். சித்தி எனக்குப் போன் பண்ணிப் பேசக் கூடாது, அவ்ளோதான்.”

“பாவம், சித்தியைத் துண்டிச்சிடுமா?”

“துண்டிக்காது. சித்தி பேச மாட்டாங்க, ஆனா போனைக் காதுலயே வெச்சிட்டு இருப்பாங்க. நாளைக்கு உங்க அக்கா போன் கெட்டுப்போச்சுன்னா, சித்தி பேச ஆரம்பிச்சுடுவாங்க. ஒரே ஸ்விட்ச்ல ரெண்டு முனையையும் சொருகினாலும் அதே கணக்குதான். ஒரு முனையைத் தானா அடைச்சிடும். நீங்க பத்து வயரைச் சொருகினாலும் ஒண்ணும் ஆகாது...”

அங்கேதான் என் வாய் நின்றது.

ஒன்றும் ஆகாது என்றால், ஏன் ஆயிற்று?

பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன்.  மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தில், என் கையெழுத்தில், அழுத்தி எழுதியிருந்தேன்: முதல் மாடி ஸ்விட்ச், ஸ்பேனிங் ட்ரீ நிறுத்தம், இப்போதைக்கு.

அன்றைக்கு நடந்தது முழுக்க ஞாபகம் வந்தது. ஒரு போர்ட்டில் புதிதாக எதையாவது சொருகினால் ஸ்பேனிங் ட்ரீ உடனே பேச விடாது. சுற்று ஏதும் இருக்கிறதா என்று முப்பது விநாடி காது கொடுத்துக் கேட்கும், பிறகுதான் திறக்கும். தள்ளுவண்டியை ஒவ்வோர் அறையிலும் சொருகும்போது முப்பது விநாடி. இடிமுழக்கம் என்னைக் கூப்பிட்டுக் கூரை அதிரக் கத்தினார். கணினி மட்டும் வந்து போகிற போர்ட்களுக்கு, சீக்கிரம் திற, ஆனால் காவலை விடாதே என்று தனியாக ஓர் அமைப்பு உண்டு. இருபது போர்ட்டுக்கும் அதைப் போடப் பத்து நிமிஷம் ஆகும். நான் கோபத்தில் இருந்தேன். ஒரே கட்டளையில் மொத்தத்தையும் நிறுத்திவிட்டேன். இப்போதைக்கு என்று எழுதினேன். கடிகாரத்தை அப்படித்தான் விட்டேன், போர்ட் பெயர்களை அப்படித்தான் விட்டேன். அந்த நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்கு இரண்டு இப்போதைக்கு இருந்தது.

“என்ன ஆச்சு?” என்றார்.

“ஒண்ணுமில்ல. கிளம்புங்க.” 

ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து, முதல் முறையாக வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. போர்வை அடுக்கும் வேலை கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. வயரைச் சொருகியவர் யார் என்று மட்டும் சொன்னால் நான் தப்பித்துவிடலாம். சபதமும் நிறைவேறிவிடும். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்து இவர் தலை குனிந்து நிற்பார். நான் கேட்டால் நிற்கிற மனுஷர்தான். அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். காற்றுக்காக என்று நினைத்திருப்பார்.

எட்டு மணிக்கு அலமாரி அறைக்குள் நுழைந்தேன். கடிகாரத்தைச் சரி செய்தேன். ஸ்பேனிங் ட்ரீயை முடுக்கினேன். கணினி வரும் போர்ட்களுக்கு ஒவ்வொன்றாக அந்தச் சீக்கிர அமைப்பைப் போட்டேன். எங்கள் நெட்வொர்க்குக்கு இத்தனை நாள் தலையாக இருந்தது எது என்று பார்த்தேன். துணி வெளுக்கும் அறையில், அலமாரிக்குப் பின்னால், யாரும் சீந்தாத ஒரு கிழட்டு ஸ்விட்ச். அதற்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டு ஓய்வு கொடுத்துவிட்டு, பெரிய ஸ்விட்சுக்கு முன்னுரிமை எண்ணைக் குறைத்துத் தலைமையை ஒப்படைத்தேன். எண் குறையக் குறைய இதில் பதவி கூடும். பதினாலு, பதினைந்துக்குப் பெயர் எழுதினேன்: நடை அறை, சுவர், இடது; நடை அறை, சுவர், வலது.

பிறகு நடை அறைக்குப் போனேன்.

“சொருகுங்க” என்றேன்.

“என்னது?”

“தினமும் சொருகுவீங்களே, அதே மாதிரி.”

அவர் பாம்பைப் பிடிக்கிறவர் மாதிரி வயரை எடுத்து இரண்டாவது ஓட்டையில் சொருகினார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மேஜை போனை எடுத்துக் காதில் வைத்தேன், உயிரோடு இருந்தது. ஓடிப்போய் ஸ்விட்சைப் பார்த்தேன். பதினைந்தாம் போர்ட்டின் விளக்கு மட்டும் நிறம் மாறி, அலட்டிக்கொள்ளாமல் நின்றது. அடைத்துவிட்டது!

“கழட்டிடட்டா?” என்றார் பின்னாலேயே வந்து.

“வேணாம். அப்படியே இருக்கட்டும்.” தள்ளுவண்டி நர்ஸம்மாவிடம் அன்றைக்கு வண்டியை வராந்தா ஓட்டையில் சொருகச் சொன்னேன்.

“கூட்டத்துல நான்தான்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“வாயை மூடிட்டு வாங்க” என்றேன். 

பத்து மணிக்குக் கூட்ட அறை நிரம்பிவிட்டது. முதலில் கழிவறைக் குழாய் விஷயம், அப்புறம் விடுமுறைப் பட்டியல். என் விஷயம் வரும்போது பத்து முப்பத்தைந்து. நிர்வாகி அம்மா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பஞ்சுக் குரலில் கேட்டார்.

“கண்டுபிடிச்சீங்களா? யாரோ ஒருத்தரை நிக்க வெக்கிறேன்னு சொன்னீங்க.”

நான் எழுந்தேன். “கண்டுபிடிச்சிட்டேம்மா. தப்பு என்...”

“நான்தான்!” மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. நடை மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். “வயரைச் சொருகினது நான்தாம்மா.”

“அவரை விடுங்க. காவலை நிறுத்திட்டு, ‘இப்போதைக்கு’ன்னு நோட்டுல எழுதி வெச்சது நான். அது இருந்திருந்தா...”

“நான் சொருகலன்னா காவலே தேவைப்பட்டிருக்காது.”

“உக்காருங்க நீங்க! அது இல்லாததுதான் தப்பு. அதனால நான்தான்.”

“நான் சொருகினதாலதானே அது தெரிஞ்சுது? அதனால நான்தான்.”

“இல்ல, நான்!”

“இல்ல, நான்!”

பதினோரு வருஷத்தில் அந்த மனுஷர் என்னோடு போட்டி போட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. அறை முழுக்கத் தலைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தன. இடிமுழக்கம் வாயைப் பிளந்து பார்த்தார். நிர்வாகி அம்மா மேஜையைத் தட்டினார்.

“போதும்! சொன்னதையே சுத்திச் சுத்திச் சொன்னா இன்னிக்கு முழுக்க ஒண்ணும் நடக்காது. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் நிறுத்துங்க!”

அந்த வார்த்தை என் மண்டையில் நங்கென்று இறங்கியது. யாராவது ஒருத்தர் நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக அந்த ஒருத்தர் யார்? நான் கத்தக் கத்த, கரண்டியோடும் டீ டம்ளரோடும் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் யார்? இவருக்குப் பேச வராது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேனே! வீடு படுத்துவிடாமல் இருக்க ஒருவர் தன்னை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் ஒரு நிமிஷம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு நிர்வாகி அம்மாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். திங்கட்கிழமை ஒரு டீச்சரம்மா, நாலு மாசத்துக்கு அப்புறம் பிடிமானம் இல்லாமல் ஆறு அடி வைத்தது. ஏழாவது அடியில் அந்த வயர் கிடந்தது. அவர் ஓடிப்போய் எடுத்துச் சொருகியது. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். “அந்தம்மா இன்னிக்கு இருபது அடி நடக்கறாங்க” என்று முடித்தார். 

“இதை முதல் நாளே உங்க மனைவிகிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றார் நிர்வாகி அம்மா.

“இது ஒரு விஷயம்னே தெரியாதும்மா. அதோட, வீட்டுல எனக்கு முறை வரல.”

அறை வெடித்துச் சிரித்தது. நானும்தான். சிரிப்பு அடங்கியபோது யாரோ சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்கள். பத்து நாற்பத்து மூன்று. எல்லோரும் சட்டென்று கைப்பேசியைப் பார்த்தார்கள். நிர்வாகி அம்மா தன் மடிக்கணினியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

“ஓடுதே!”

“ஓடும்மா. அந்த வயர் காலைல எட்டரை மணியிலேர்ந்து ரெண்டு பக்கமும் சொருகித்தான் இருக்கு” என்றேன்.

அவர் மடிக்கணினியை மூடி வைத்தார். பிறகு குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது, அதனால் எனக்கு உயிர் வந்தது. “வெளிக் கம்பெனியெல்லாம் வேணாம். ஆனா அந்த நோட்டுல இப்போதைக்குன்னு எத்தனை இருக்கோ, அத்தனையும் மாசக் கடைசிக்குள்ள அடிச்சிட்டு என்கிட்ட காட்டணும்.”

“இருபத்தேழு இருக்கும்மா.”

“அப்போ இன்னிக்கே ஆரம்பிங்க. சபதப்படி ஒருத்தரை நிக்க வெக்கணும்னீங்க, அவரே நின்னுட்டார். உக்காருங்க மாஸ்டர்.”

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசு துடித்தது. ஆனால் நான் வாயைத் திறந்தால் அரை மணி நேரம் நானேதான் பேசுவேன், எனக்குத் தெரியும்.

“நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. நான் கேக்கறேன்” என்றேன்.

அவர் துணியை மடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. என் நாக்கு நமநமத்தது. வேறு நாளாக இருந்தால் இதற்குள் நானே கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்லி முடித்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். இருபது. ஒரு கார் கிளம்பிப் போனது. இருபத்தைந்து. இந்த முப்பது விநாடியைப் பொறுக்க முடியாமல்தானே எல்லாவற்றையும் கெடுத்தேன்! நின்றேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வந்து...” என்றார் கடைசியில். “அந்த சார்ஜர் வயர் இருக்குல்ல?”

“ஆமா?”

“வீட்டுல மட்டும், அதை நான் அப்படியே சொருகி வெச்சுக்கலாமா?”

“வெச்சுக்கோங்க. அப்புறம்?” என்றேன்.

இன்னும் இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அவர்தான் பேசினார்.